யாழ்ப்பாணத்துக் காணியில் தண்ணீரைப் படிப்பது எப்படி: முதல் ஒரு வருடத்துக்கான வழிகாட்டி

தை மாதத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் காணிக்கு விலை பேசாதீர்கள். தையில் யாழ்ப்பாணத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். மாரி மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். குனிந்தால் கை எட்டிவிடும் போலத் தண்ணீர் நிற்கும், அள்ளிக் குடித்தால் இனிக்கும். அதே கிணற்றுக்கு ஆவணியில் வாருங்கள். வாளிக் கயிறு இறங்கிக்கொண்டே போகும். சில இடங்களில் மேலே வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

கொழும்பிலிருந்தும் கனடா, லண்டன் பக்கமிருந்தும் திரும்பி வந்து வீடு கட்டுகிறவர்கள், வேலை மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிடுகிறவர்கள் என்று வருடா வருடம் சிலர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எங்கட காணிக்குத் தண்ணி நிக்குமோ?" ஒரு நாளில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு மாரியும் ஒரு கோடையும் போகவேண்டும். அந்த ஒரு வருடத்தில் எதைப் பார்ப்பது, எப்படி அளப்பது, அளந்ததை வைத்து என்ன முடிவு எடுப்பது என்று கீழே எழுதுகிறேன். பெரிய செலவில்லை. ஒரு கொப்பி, ஒரு கயிறு, ஒரு பால்மா பேணி, ஒரு மண்வெட்டி போதும்.

தொடங்குமுன் இந்த நிலத்தின் அடிப்படையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மலையும் இல்லை. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்துக்குள் அடங்கிவிடும். நம் தோட்டக் கிணற்றில் நிற்பது முழுக்க முழுக்க இந்த மண்ணில் பெய்த மழை. வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்தில் கொட்டிவிடும். மிச்ச மாதங்களுக்கு அந்தச் சேமிப்பில்தான் சீவியம்.

விழுந்த மழையில் ஒரு பங்கு ஆவியாகும். ஒரு பங்கை மரஞ்செடி குடிக்கும். ஒரு பங்கு நிலத்தின் மேலாக ஓடிக் கடலேரியில் சேரும். மிச்சம் கல்லுக்குள் இறங்கும். உங்கள் காணியில் எந்தப் பங்கு பெரிது என்பதைத்தான் இந்த வருடம் முழுவதும் தேடப்போகிறீர்கள்.

முதலில் மண்ணும் கல்லும்

மழைக்கு முன்பே, புரட்டாசியில் இதைச் செய்துவிடுங்கள். காணியின் நான்கு மூலையிலும் நடுவிலும் முழங்கால் ஆழத்துக்கு ஒவ்வொரு குழி வெட்டுங்கள். வலிகாமத்துக்குள், கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கமென்றால் செம்பாட்டு மண் வரும். காய்ந்த செம்பாட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிடும். வடமராட்சி கிழக்கும் தென்மராட்சியின் பல இடங்களும் மணல். அங்கே இறங்கும் வேகம் இன்னும் கூட. கடலேரி ஓரத் தரவையில் சாம்பல் நிறக் களி வரும். அதில் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் குழியில் நிற்கும், காய்ந்தபின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூப்பு உப்பு. தரவையில் உவர் நிலத்தில் வளரும் உமரிச் செடி நின்றால் குழிகூட வெட்டத் தேவையில்லை.

மண்வெட்டி கல்லில் இடிபடும் ஆழத்தைக் கொப்பியில் எழுதுங்கள். சில வளவுகளில் ஒரு சாண், சில வளவுகளில் ஓர் ஆள் ஆழம். அந்தக் கல்லில் ஒரு துண்டை எடுத்துத் தூளாக்கி அதன்மேல் வினாகிரி விடுங்கள். புசுபுசுவென்று நுரைக்கும். சுண்ணாம்புக்கல் அது. மயோசீன் காலத்தில், ஆழமில்லாத கடலின் அடியில் சிப்பியும் முருகையும் படிந்து இறுகிய கல். அரிவாளால் சுரண்டினால் சிப்பி வடிவம் தெரிகிற துண்டுகளும் கிடைக்கும்.

வினாகிரி சில நொடியில் செய்ததை மழை ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது. மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டு அதைவிடப் பல மடங்கு சேரும். அப்படி மெல்லிய அமிலமான தண்ணீர் கல்லின் வெடிப்புக்குள் போகிறது. கல் கரைகிறது, வெடிப்பு அகல்கிறது. அகன்ற வெடிப்புக்குள் இன்னும் கூடத் தண்ணீர் போகிறது. மயிரளவு வெடிப்பு விரல் அகலமாகி, குழாயாகி, சில இடங்களில் குகையாகிவிடுகிறது. குகையின் கூரை பாரம் தாங்காமல் விழுந்தால் மேலே பள்ளம். கரையாமல் எஞ்சிய இரும்பும் களியும்தான் நாம் வெங்காயம் நடுகிற செம்பாடு என்பது பொதுவான விளக்கம்.

இதை நம்புவதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். குசினிக்குப் போய்க் கேத்திலின் அடியைப் பாருங்கள். படையாக ஒட்டியிருக்கும் வெள்ளை உங்கள் காணிக்கு அடியிலிருந்து கரைந்து வந்த கல். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைந்திருந்தால், ஆயிரம் லீற்றருக்கு 300 கிராம். உங்கள் தண்ணீர்த் தாங்கி ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் ஒரு சிறு கல் வீட்டுக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரம் நுரைக்க மறுப்பதற்கும் இதுதான் காரணம்.

நேரம் எடுத்து நிலாவரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். புத்தூருக்குக் கிட்ட, நவக்கிரியில் இருக்கிற ஆழக் கிணறு அது. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்று கதை. நிலவியல் சொல்வது, அடியில் கரைந்த குகையின் கூரை இடிந்து திறந்த பள்ளம் என்று. மேலே நிற்பது நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. இந்த வழிகாட்டியில் பின்னால் வரப்போகிற முக்கியமான விஷயம் அங்கே கண்முன்னே இருக்கிறது. ஊரெழுப் பொக்கணையும் இதே இனம்தான்.

கிணற்றுக்குள் பாருங்கள், பிறகு அளங்கள்

புரட்டாசியில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது, ரோச் லைட்டோடு கிணற்றுச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். மேலே கட்டிய கல் முடிகிற இடத்துக்குக் கீழே வெட்டிய கல் தெரியும். அதில் எங்கே ஓட்டை, எங்கே ஈரக்கோடு, எங்கே பாசி என்று கவனியுங்கள். எங்கள் கிணற்றில் தென்கிழக்குப் பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே, கைமுட்டி நுழையும் அளவில் ஒரு துவாரம். கோடையில் அது வெறும் ஓட்டை. கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு இரவில் கிணற்றுக் கட்டோரம் நின்றால் கொள கொளவென்று விழும் சத்தம் கேட்கும். சிறுவயதில் அம்மம்மா எங்களைக் கூட்டிப்போய்க் கேட்க வைப்பா. "ஊத்துக்கண் திறந்திட்டுது, இனிப் பயமில்லை" என்பா. உங்கள் கிணற்றின் ஊற்றுக்கண் எந்தத் திசையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பின்னால் மலசலகூடக் குழிக்கு இடம் பார்க்கும்போது அது தேவைப்படும்.

அளப்பதற்கு நீட்சி இல்லாத ஒரு கயிறு. நுனியில் ஓர் இரும்புத் துண்டு. கிணற்றுக் கட்டின் விளிம்பில் ஓர் இடத்தில் பெயின்றால் கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கவேண்டும். காலையில், மோட்டர் போடுமுன், வாரத்தில் ஒரே கிழமையில். இரும்பு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைக் கோட்டோடு பிடித்து மேலே எடுத்து அளவு நாடாவில் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் தினமும். ஒரு நிமிட வேலைதான். ஆனால் விட்டுவிட்டுச் செய்தால் பயனில்லை.

மழையையும் நீங்களே அளங்கள். வானொலி சொல்லும் மழை வேறெங்கோ பெய்த மழை. பக்கங்கள் நேராக நிற்கும் பால்மா பேணியை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், மண் தெறிக்காத உயரத்தில் கட்டி வையுங்கள். காலையில் அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். பேணியில் 25 மில்லிமீற்றர் நின்றால் 25 மில்லிமீற்றர் மழை. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். நான்கு பரப்புக் காணி ஏறத்தாழ 1,010 சதுர மீற்றர். 1,250 மில்லிமீற்றர் பெய்கிற வருடத்தில் உங்கள் வேலிக்குள் விழுவது 12 இலட்சம் லீற்றருக்கும் கூட. எனக்கு அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது நம்பிக்கை வரவில்லை, இரண்டாம் முறையும் போட்டேன்.

இரண்டு அளவையும் ஒரே பக்கத்தில் எழுதிவந்தால் ஐப்பசியிலேயே ஒன்று புலப்படும். முதல் மழைகளுக்குக் கிணறு அசையாது. காய்ந்த மண் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. மண் நிறைந்தபிறகு பெய்கிற மழைக்குத்தான் நீர்மட்டம் ஏறும், அதுவும் ஆச்சரியப்படும் அளவுக்கு. 30 மில்லிமீற்றர் மழைக்கு ஓரடி ஏறிவிடலாம். கல்லில் தண்ணீர் நிற்க இடம் கொஞ்சம்தான். பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்றால், இறங்கிய 30 மில்லிமீற்றரும் கல்லுக்குள் 300 மில்லிமீற்றர் உயரமாக நிற்கும். மண் நனைந்தபின் பெய்த ஒரு பெரிய மழையை எடுத்து, அது கிணற்றில் எவ்வளவு ஏற்றியது என்று வகுத்துப் பாருங்கள். உங்கள் கல்லின் வெற்றிடம் எவ்வளவு என்று ஓரளவு கிடைத்துவிடும். இதே கணக்கைத் திருப்பியும் படியுங்கள்: சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஓரடி இறங்கியிருந்தால் போனது வெறும் 30 மில்லிமீற்றர் மழைதான். கிணற்றில் பத்தடித் தண்ணீர் நிற்கிறதென்று பார்த்து மயங்கினால் கணக்குப் பிழைக்கும்.

கார்த்திகை வெள்ளத்தின் பின்னால் நடவுங்கள்

இது வருடத்தில் ஒரு நாள் வேலை. ஆனால் தவறவிட்டால் அடுத்த கார்த்திகைக்குத்தான். பெரிய மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு இறங்குங்கள். காணியின் வரைபடம் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எதனால் வெளியே போகிறது, எங்கே தேங்குகிறது என்று அம்புக்குறி போடுங்கள். நிறத்தையும் கவனியுங்கள். தெளிந்து வந்தால் கிட்டத்தில் பெய்து புல்லுக்குள்ளால் வடிந்தது. இரத்தம்போலச் சிவந்து வந்தால் மேலே யாரோ ஒருவருடைய தோட்ட மண் கரைந்து வருகிறது. மழை விட்டபின் தேங்கிய இடங்களில் ஒரு தடி நட்டு, எத்தனை மணித்தியாலத்தில் வற்றுகிறது என்று குறியுங்கள். ஒரு நாளில் வற்றினால் அது உங்கள் கிணற்றுக்கு ஊட்டும் இடம். அங்கே சீமெந்து போடாதீர்கள். ஒரு கிழமை நின்றால் அடியில் களி இருக்கிறது. வீட்டு அத்திவாரத்துக்கு அந்த இடம் ஆகாது.

பிறகு ஒழுங்கைக்கு வாருங்கள். நம் பழைய ஒழுங்கைகள் சில, நிலத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாரியில் அவைதான் வாய்க்கால். ஒழுங்கை வெள்ளம் வெள்ளவாய்க்காலில் விழும், வெள்ளவாய்க்கால் குளத்தில் சேரும், குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குப் போகும். இங்குள்ள குளங்களில் பல வயலுக்குப் பாய்ச்சக் கட்டியவை அல்ல. மழையைப் பிடித்து வைத்து நிலத்துக்குள் இறக்கவும், மாடு குடிக்கவும் வெட்டியவை. குளத்துக்குக் கிட்டிய கிணறுகளில் தை, மாசியில் தண்ணீர் மெதுவாக இறங்குவதை உங்கள் கயிறே காட்டும்.

தண்ணீர் போகிற வழியைச் சேற்றோடு தொடர்ந்து போனால், வலிகாமத்தில் கடைசியில் வழுக்கையாற்றில் போய் நிற்பீர்கள். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை வழியாக வந்து, அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. கோடையில் பார்த்தால் ஆறு என்று சொல்லமாட்டீர்கள், தாழ்ந்த வயல்வெளிபோலக் கிடக்கும். மாரியில் அந்தப் பள்ளம் தான் யாரென்று காட்டிவிடும். அதன் கரையில் இருக்கிற காணி ஒன்றை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், கார்த்திகை வரை பொறுத்திருங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் வெள்ளம் எங்கெல்லாம் நின்றதென்று அந்தந்த ஊர் ஆட்களுக்குத் தெரியும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கையால் தொட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோட்டின் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்லவேண்டும். முன்பு காணிக்குக் காணி பனையோலை வேலியும் கிளுவை வேலியும் இருந்தன. வெள்ளம் அவற்றுக்குள்ளால் புகுந்து போகும், போகும்போது வேகம் குறைந்து மண்ணை விட்டுவிட்டுப் போகும். இப்போது எல்லாரும் கல்மதில். மதில் கட்டுகிறவர் தன் வளவுக்குள் வெள்ளம் வராது என்று நினைக்கிறார். வெள்ளம் பக்கத்து வளவுக்குத் திரும்புகிறது, அல்லது ஒழுங்கையில் பலம் சேர்ந்து ஓடி மண்ணை அரித்துக்கொண்டு நேரே கடலேரிக்குப் போகிறது. நிலத்துக்குள் இறங்கியிருக்கவேண்டிய தண்ணீர் அது. மதில் கட்டத்தான் வேண்டுமென்றால், நீங்கள் வரைந்த அம்புக்குறிகள் மதிலை வெட்டும் இடங்களில் தரைமட்டத்தில் துவாரம் விடுங்கள். மேசன் மறந்துவிடுவார், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அயலார் கிணறுகள்: தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது

மாசியில், மழை முழுதாக விட்டபின், அயலில் உள்ள நான்கைந்து கிணறுகளை ஒரே காலையில் அளங்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு பார்க்கக் கேட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பமாட்டார்கள் என்பதால் நேரம் மட்டும் போகும். கட்டின் உயரம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு. ஆகவே மேசன்மார் வைத்திருக்கும் தெளிவான தண்ணீர்க் குழாயால் எல்லாக் கட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு ஒப்பிட்டுக் கொள்ளவேண்டும். அப்போது எந்தக் கிணற்றின் நீர்மட்டம் உண்மையில் உயரம், எது தாழ்வு என்று தெரியும். மூன்று கிணறு ஒரு முக்கோணமாக அமைந்தால் போதும். உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததை நோக்கித் தண்ணீர் நகர்கிறது. வித்தியாசம் சில சென்ரிமீற்றராகத்தான் இருக்கும், அதனால் இரண்டு முறை அளந்து உறுதி செய்யுங்கள்.

இது பொதுத் திசை மட்டும். மணலென்றால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊறி மெதுவாக நகரும். நம் கல்லில் அது வெடிப்பைத் தேடி ஓடும். ஒரு கிணறு இறைக்கும்போது அடுத்த வீட்டுக் கிணறு அசையாமல் இருக்க, மூன்றாம் வீட்டுக் கிணறு இறங்கும். மோட்டர் போடுகிற வீட்டாரிடம் சொல்லிவைத்து, அவர்கள் இறைக்கும் நேரத்தில் உங்கள் கயிற்றை விட்டுப் பாருங்கள். இரண்டு கிணற்றுக்கும் அடியில் தொடர்பு இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

இந்தத் திசைதான் மலசலகூடக் குழிக்கு இடம் சொல்லும். 50 அடி தள்ளினால் சரி என்று எல்லாரும் சொல்வார்கள். மணலிலும் ஆழமான மண்ணிலும் அது ஓரளவு பொருந்தும், மண் வடிகட்டுகிறது. கல்லுக்குள் வெடிப்பில் விழுந்த கழிவை எதுவும் வடிகட்டுவதில்லை. ஆகவே தூரத்தை மட்டும் நம்பாமல் மூன்று விஷயம் பாருங்கள்: குழி கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும், உங்கள் ஊற்றுக்கண் வருகிற திசையில் இருக்கக்கூடாது, குழியின் அடி மார்கழி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். மார்கழி மட்டம் உங்கள் கொப்பியில் இருக்கிறது. கல் மேலேயே கிடக்கிற காணியென்றால் அடியும் பக்கமும் அடைத்த தொட்டி கட்டுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். உங்கள் கீழ்ப்பக்கத்து வீட்டுக் கிணற்றையும் நினையுங்கள். சுன்னாகம் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்த நாட்களை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஓரிடத்தில் நிலத்தில் விட்டது எத்தனை வீட்டு வாளியில் வரும் என்று அப்போது பார்த்தோம்.

தோட்டம் செய்கிற இடமென்றால் நைத்திரேற்றுக்குக் கட்டாயம் பரிசோதியுங்கள். யூரியாவும் குழிகளும் இரண்டும் அதைச் சேர்க்கின்றன, வலிகாமக் கிணறுகளில் இது பழைய பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்து, பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கிறீர்களென்றால் பரிசோதனை வரும்வரை வேறு தண்ணீர் எடுங்கள்.

கோடையில் உப்பு

இனி முக்கியமான இடம். சோளகக் காற்று தொடங்கியபின் இதைப் படித்தால் நன்றாக விளங்கும், கிணற்றைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

நம் நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் பாறைமேல் நிற்கவில்லை. உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. சுற்றிக் கடலும் நடுவே கடலேரிகளும் இருப்பதால் கல்லின் அடி வெடிப்பெல்லாம் கடல் தண்ணீர் நிறைந்திருக்கிறது. மழைத் தண்ணீர் பாரம் குறைந்தது, கடல் தண்ணீர் அதைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம். எனவே மழைத் தண்ணீர் மேலே, நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லைபோலக் கிடக்கிறது. இந்தப் பார வித்தியாசத்திலிருந்து வருகிற கணக்கை நெதர்லாந்தில் கைபனும் ஜெர்மனியில் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியாகக் கண்டார்கள்: நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை இருக்கும். உண்மையில் நடுவே கலங்கிய உவர்ப் படை ஒன்று உண்டு, வெடிப்புக் கூடிய கல்லில் அது தடிப்பு. ஆகவே கணக்கைவிடக் குறையத்தான் கிடைக்கும்.

நாற்பதைத் திருப்பிப் போடுங்கள். நீர்மட்டத்தை ஓரடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி வரை ஏறிவரப் பார்க்கும். இறைக்கிற கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்புபோல மேலெழும். ஒருமுறை ஏறிவிட்டால் மோட்டரை நிறுத்திய கையோடு இறங்காது, ஒன்றிரண்டு மாரி காத்திருக்கவேண்டி வரும்.

என் மச்சானின் காணி கடலேரிப் பக்கம். திறந்த கிணறு ஆடியில் போதவில்லை என்று குழாய்க்கிணறு அடிக்கப் போனான். அடிக்க வந்தவர்கள், "ஆழப் போகப் போகத்தான் தம்பி நல்ல தண்ணி" என்று சொன்னார்கள். வெளிநாட்டில் பாறைக்குள் அடித்த கிணறுகளைப் பார்த்திருந்த அவனும் நம்பினான். முதல் இரண்டு கிழமை தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. பிறகு தேத்தண்ணி கரித்தது. ஒரு மாதத்தில் வாழை இலைகளின் விளிம்பு நெருப்புப் பட்டதுபோலக் கருகத் தொடங்கியது. அடுத்த ஆவணியில் பக்கத்து வீட்டு ஆச்சியின் கிணறும் கரித்தது. ஆச்சி அந்தக் கிணற்றில் அறுபது வருடம் அள்ளியவ. அவவிடம் போய் மன்னிப்புக் கேட்க மச்சானோடு நானும் போனேன்.

அதனால் இங்கே ஆழம் தீர்வல்ல. அகலமும் பொறுமையும்தான் வேண்டும். புதுக் கிணறு வெட்டுவதென்றால் ஆவணி, புரட்டாசியில், நீர்மட்டம் ஆகத் தாழ்ந்து கிடக்கும்போது வெட்டுங்கள். தண்ணீர் கண்டபின் சில அடி போதும், அதற்குமேல் வெட்டுகிறவர் உற்சாகப்பட்டாலும் நிறுத்துங்கள். பத்தடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடித் தண்ணீர் ஏறத்தாழ 2,200 லீற்றர், ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்குக் காணும். சிறிய மோட்டர் போடுங்கள். உறிஞ்சும் குழாயின் வாயை அடியில் வைக்காமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதவையில் கட்டித் தொங்க விடுங்கள். துலாவால் இறைத்த காலத்தில் ஒரு பட்டை மேலே வந்து திரும்பிப் போவதற்குள் கிணறு ஊறிக்கொள்ளும், எப்போதும் மேற்தண்ணீர்தான் போகும். மோட்டரையும் அதே முறையில் பழக்கலாம்: இருபது நிமிடம் இறைத்து, ஒரு மணித்தியாலம் விட்டு, மறுபடி இருபது நிமிடம். எவ்வளவு இறைத்தால் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பங்குனியிலும் ஆடியிலும் ஒவ்வொரு முறை அளந்து வையுங்கள்.

உப்பை நாக்கால் கண்டுபிடிக்கும்போது நேரம் பிந்திவிடும். மின்கடத்துதிறன் அளக்கும் பேனை போன்ற ஒரு கருவி கிடைக்கிறது, தண்ணீரில் உப்புக் கூடக் கூட அது காட்டும் எண் ஏறும். வாங்கிக்கொள்ளுங்கள், அயலில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். மழைத் தண்ணீரில் அது மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். 750 மைக்ரோசீமனுக்குக் கீழே நல்ல தண்ணீர். 2,250ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. கடல் தண்ணீர் 50,000 அளவில் நிற்கும். மாதம் ஒருமுறை, இறைக்குமுன் மேற்தண்ணீரிலும், போத்தலைக் கட்டி இறக்கி அடித்தண்ணீரிலும் பாருங்கள். அடித்தண்ணீர் எண் மேற்தண்ணீரை விட்டு விலகி ஏறத் தொடங்கினால் அன்றிலிருந்து இறைப்பதைப் பாதியாக்குங்கள்.

இறைக்காமல் விட்டால் தண்ணீர் அப்படியே இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். வில்லையின் ஓரங்களால் அது எந்நேரமும் கடலுக்குக் கசிந்துகொண்டிருக்கிறது. கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு இது தெரியும்: இந்தப் பக்கம் அலை அடிக்கும், கல்லுக்குள்ளால் வருகிற ஊற்று கேணியை நிரப்பும். வடகரையில் கடல் வற்றும் நேரத்தில் கல்லுக்கிடையே விரலை விட்டு நக்கிப் பாருங்கள், சில இடங்களில் உப்பு மட்டாக இருக்கும். இந்தக் கசிவும் மேலே வீணாக ஓடும் வெள்ளமும் பலரை யோசிக்க வைத்தன. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டம், ஆனையிறவுக் கடலேரியில் மழை வெள்ளத்தை மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவரும் எண்ணம். கடலேரி நன்னீரானால் அதன் கரையெங்கும் நிலத்தடியில் உப்பு பின்வாங்கும் என்பது அதன் உள்ளிருக்கிற கணக்கு.

திரும்ப உள்ளே விடுவது

அடுத்த ஐப்பசிக்கு முன் செய்யவேண்டியது இது. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துப் பிடியுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் வருடத்துக்கு ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் விழுகிறது. முதல் மழையைக் கழுவ விட்டு, பிறகு தாங்கியில் சேருங்கள். நிரம்பி வழிவதை மணலும் சல்லியும் போட்ட குழி ஒன்றில் விடுங்கள். குழி கிணற்றுக்கு மேல்ப்பக்கம் இருந்தால் நல்லது. தோட்டத்துக்கு வரம்பு கட்டுங்கள், ஒரு சாண் உயரம் போதும், உங்கள் மண்ணும் உங்கள் மழையும் வேலிக்குள் நிற்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒழுங்கை வெள்ளத்தைப் பழைய கிணற்றுக்குள் திருப்பிவிடுவது இப்போது சிலரிடம் பழக்கமாகி வருகிறது, நிலத்தடி நீரைப் பெருக்குகிறோம் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். அந்த வெள்ளத்தில் மாட்டுச் சாணி, எண்ணெய், நிரம்பிய குழிகளின் கழிவு எல்லாம் இருக்கிறது. மண்ணின் வழியாக இறங்கினால் கொஞ்சமாவது வடியும். கிணற்றின் வழியாக விட்டால் நேரே வெடிப்புக்குள், அங்கிருந்து நான் முன்பு சொன்ன மூன்றாம் வீட்டுக் கிணற்றுக்கு.

முதல் வருடக் கொப்பியைக் கவனமாக வையுங்கள், இரண்டாம் வருடத்தில்தான் அது பேசத் தொடங்கும். கிணற்றுக் கட்டில் போட்ட பெயின்ற் கோடு ஒரு மாரிக்குள் மங்கிவிடும். புரட்டாசி பிறந்ததும் அதே இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.